நுங்கு வண்டியும் தெர்மாகோல் தாளும்

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். இந்தக் கடற்கரையில் அந்த இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலமும் ஏறத்தாழ நாள் பிசகாமல் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களின் பெரும்பகுதியில் பள்ளிக்கூடமும் மூடியிருக்கிறது. தெற்கே நாகூர், வடக்கே திருமலைராயன்பட்டினம், கிழக்கே கடல் என்று அமைந்த கீழவாஞ்சூர் போன்ற ஊரில் பெரியவர்களின் கையும் பிள்ளைகளின் கையும் ஒருசேர ஓய்ந்திருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றுதான். வீட்டில் வேண்டாத பொருளை வைத்துப் பிள்ளைகளோடு கைவினை செய்வது பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது. ஆனால் இன்று அது செய்யப்படும் முறை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. அதைக் காரணம் காட்டி நிறுவ முயல்கிறேன்.

இப்போது நடப்பது என்ன? வசந்த காலக் கைவினை என்று கைப்பேசியில் தேடினால் முட்டை அட்டையில் வெட்டிய மஞ்சள் பூவும், பஞ்சு ஒட்டிய முயலும், வண்ணம் பூசிய முட்டையும் வருகின்றன. பனி உருகி முதல் பூ மண்ணைக் கிழித்து வெளிவரும் நாடுகளில் அவற்றுக்கு முழு அர்த்தம் உண்டு. அந்த மக்கள் தங்கள் பருவத்தைத் தங்கள் கையால் கொண்டாடுகிறார்கள். நம் பிள்ளை அதைப் பார்த்துச் செய்யும்போது முதலில் ஒரு வடிவம் வந்துவிடுகிறது. பிறகு அந்த வடிவத்துக்கு ஏற்ற பொருளைக் கடையில் தேடுகிறோம். தெர்மாகோல் தாள், சார்ட் பேப்பர், மினுமினுப்புத் தூள், பசைக்குழல் எல்லாம் பைக்குள் வருகின்றன. வீட்டிலிருந்து போவது ஒரு காலி பாட்டில் மட்டும். அந்த ஒரு பாட்டிலைக் காப்பாற்ற நான்கு புதிய குப்பைகளை விலை கொடுத்து வாங்குகிறோம். அலங்காரத்துக்குப் பயன்படும் தெர்மாகோல், 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. உதிரியாக விற்கும் நெகிழி மினுமினுப்புத் தூளை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. அது பொடிப்பொடியாக நீரில் கலந்து மீனின் வயிறு வரை போகும் என்பதே காரணம். மீனை நம்பி வாழும் ஊரில், சுற்றுச்சூழல் பாடம் என்ற பெயரில் இந்த இரண்டும் பிள்ளையின் கையில் ஏறுவதை நாம் ஏற்கக் கூடாது.

நான் சொல்வது இதுதான். பொருள் முதலில் வர வேண்டும், வடிவம் அதன் பின்னால் வர வேண்டும். கையில் கிடைத்தது வளைகிறதா, மடிகிறதா, மிதக்கிறதா, ஒலிக்கிறதா, காய்ந்தால் சுருங்குகிறதா என்று பிள்ளை தடவிப் பார்த்து, அந்தப் பொருள் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைச் செய்ய வேண்டும். அப்போதுதான் அது கைவினை. மற்றது நகல். இது நானாகக் கட்டிய கொள்கை இல்லை. நம் மண்ணில் மிகப் பழைய நடைமுறை இது. கீழடி அகழாய்வில் விளையாட்டுப் பொருட்கள் கிடைத்தன. அவற்றில் உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் உண்டு. பானை உடைந்தது வீட்டுக்கு நட்டம். ஓடு கையில் கிடைத்தது பிள்ளைக்கு ஆட்டம். ஓட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்தால் அது வட்டமாகும் என்று ஓடே சொல்லிக் கொடுத்திருக்கிறது. நமக்கு வடக்கே இதே கரையில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவது ஆண்பிள்ளைக்குரிய ஒரு தனிப் பருவமாகவே நிற்கிறது. இந்தக் கரையில் உருளும் பொருளைப் பிள்ளை கையில் கொடுத்த வரலாறு அவ்வளவு நீளமானது.

அந்தச் சிறுதேரின் வழித்தோன்றலாக இன்றும் உயிரோடு இருப்பது நுங்கு வண்டி. சித்திரையில் நுங்கு வரும். சுளையை நோண்டித் தின்றபின் மிஞ்சும் வெறுங்காய் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி அச்சாக்கி, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுவது. இதில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அச்சு காயின் நடுவில் செல்லாவிட்டால் வண்டி நொண்டும். சக்கரத்துக்கு மையம் என்று ஒன்று இருப்பது அங்கே தெரிகிறது. இரண்டு காயும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி சின்னக் காய் இருக்கும் பக்கமே வளைந்து போகும். வட்டத்தின் சுற்றளவைப் பிள்ளை காலால் ஓடியே கற்கிறது. கவட்டையும் அச்சும் உராயும் இடம் தேய்ந்து வழவழப்பாகும்போது ஓட்டம் இலேசாகிறது. நான்கு நாளில் காய் காய்ந்து துளை தளர்ந்து அச்சு ஆடத் தொடங்கும். அப்போது பிள்ளை ஒரு துணிக் கிழிசலைச் சுற்றி இறுக்குகிறது, அல்லது புதுக்காய் தேடுகிறது. பழுதுபார்ப்பது வரை அந்த ஒரு பொருளில் பாடம் இருக்கிறது. கடையில் வாங்கிய பொம்மைக் கார் பழுதானால் அதைத் திறந்து பார்க்கக்கூட வழி இருப்பதில்லை. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை அழுத்தி ஊதும் பீப்பியும் இப்படித்தான். இறுக்கிச் சுருட்டினால் கீச்சென்று ஒலிக்கும், பெரிய இலையைத் தளரச் சுருட்டினால் குரல் கனக்கும். வாடிய இலை ஊதினால் ஒலிக்காது என்பதும் பிள்ளைக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நுங்கு வண்டியும் இலைப் பீப்பியும் பழைய காலத்துப் பொருட்கள், இன்றைய வீட்டில் கிடப்பது நெகிழி அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழையவற்றைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அவற்றைச் செய்த அதே கண்ணால் இன்றைய பொருளைப் பார் என்கிறேன். பால் பாக்கெட்டை வெட்டிக் கழுவிக் காயவைத்தால் மெல்லிய, கிழியாத, நனையாத ஒரு தாள் கிடைக்கிறது. நனையாத தாளுக்கு இந்தக் கரையில் என்ன வேலை என்று பிள்ளையிடம் கேட்டால் அதுவே படகின் பாய் என்று சொல்லும். தென்னம்பாளை படகாகும், ஈர்க்கு பாய்மரமாகும், பாக்கெட் பாயாகும். காற்றில்லாமல் பாய் எதற்கு? கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருக்கும் மீனவ வீட்டில், பிற்பகலில் கடற்காற்று ஏறும்போது எந்தப் பக்கம் பாயைத் திருப்பினால் படகு நகர்கிறது என்று பார்ப்பது விளையாட்டும் குடும்பக் கல்வியும் ஆகும். அதே பாக்கெட்டில் காற்றாடி செய்து வேலியில் நட்டால், வைகாசி முடிவில் மேல்காற்று வலுக்கும் நாளைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பனியில்லாத ஊரின் இளவேனிலை இப்படித்தான் கொண்டாட முடியும்: நுங்காலும், வெடித்துப் பறக்கும் இலவம்பஞ்சாலும், உதிர்ந்த வேப்பம்பூவாலும், திசை மாறும் காற்றாலும்.

பொருளிலிருந்து தொடங்கும் இந்த முறைக்கு நம் நாட்டில் ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டு பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. ஆய்வுக்கூடம் இல்லாத கிராமப் பள்ளியில், கிடைக்கும் பொருளால் சோதனை செய்தே அறிவியல் படிக்க வேண்டும் என்பது அதன் வழி. கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் அந்தத் திட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கையில் எடுத்தவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அதில் குச்சிகளைச் செருகினால் மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அது அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரையிலும் முக்கோணம் ஏன் வருகிறது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை சில காசு செலவில் விரல்களால் அறிந்துகொள்கிறது. பின்னாளில் புனேயின் வானியல் மையமான ஐயூக்காவில் குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்தில் அவர் குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வேலையாக வைத்துக்கொண்டார்; 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய பொம்மைகளுக்கு வண்ணமோ மினுமினுப்போ இல்லை. அவை ஓடுகின்றன, சுழல்கின்றன, ஒலிக்கின்றன. அது போதும் என்று பிள்ளைகள் காட்டிவிட்டார்கள். மாநில அரசு 2002இல் ஹோஷங்காபாத் திட்டத்தை நிறுத்தியது இந்தியப் பள்ளிக் கல்விக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

வெளிநாட்டிலும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். அழகாகக் கட்டிய விளையாட்டுத் திடலை விட்டுவிட்டுக் கட்டுமானம் நடக்கும் இடத்துச் செங்கல்லிலும் பலகையிலும் பிள்ளைகள் விளையாடுவதை டென்மார்க்கின் நிலக்காட்சிக் கட்டடக் கலைஞர் சோரன்சென் கவனித்தார். 1943இல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில் பழம்பொருட்களால் ஆன விளையாட்டுத் திடல் அவர் எண்ணப்படி திறக்கப்பட்டது. ஆங்கிலேயரான சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் காரணம் சொன்னார்: ஓரிடத்தில் பிரிக்கவும் சேர்க்கவும் நகர்த்தவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அங்கே புதிது கண்டுபிடிப்பதும் அதிகம். வடிவத்தை முன்கூட்டியே முடித்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது வண்ணம் அடிக்கும் வேலை மட்டும்.

இனி, நம் வீட்டில் சித்திரையில் சேரும் பொருளுக்கு வருவோம். பள்ளி ஆண்டு முடிந்ததும் பாதி எழுதிய நோட்டுகள் குவிகின்றன. அவை எடைக்குப் போகும். அதற்கு முன் வெற்றுத் தாள்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, நடுவில் மடித்து, ஊசி நூலால் முதுகில் தைத்துப் புது நோட்டு செய்யலாம். அட்டைக்கு வைகாசி முகூர்த்தத்தில் வந்த கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. இவ்வளவு கனமான, வழவழப்பான அட்டையைக் கடையில் வாங்கினால் நல்ல விலை. கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும். என் மதிப்பில் இளவேனில் கைவினைகளில் எல்லாவற்றையும்விட உயர்ந்தது இந்தத் தைத்த நோட்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போது அதில் பிள்ளை எழுதும். தன் கையால் செய்ததை ஆண்டு முழுதும் பயன்படுத்தும் அனுபவம் அலமாரியில் வைக்கும் பூவால் கிடைக்காது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது, வார்தாவின் மகன்வாடியில் கைத்தாள் செய்வதை முக்கியத் தொழில்களில் ஒன்றாக வளர்த்தார். வேண்டாத நாரும் காகிதமும் மீண்டும் எழுதும் தாளாக முடியும் என்பது டெல்டாவில் பிறந்த ஒருவர் நாட்டுக்குக் காட்டிய வழி.

தடைக்காலத்தில் கரையில் நடக்கும் இன்னொரு வேலை வலை சீர்செய்வது. கிழிந்த துண்டுகளும் கயிற்று முனைகளும் மணலில் விழுகின்றன. கடலுக்குள் போனால் அந்த நைலான் மட்காது. ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டிருக்கும். பங்குனி ஆமை முட்டையிடும் கரை இது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, தாத்தாவிடம் உட்கார்ந்து வலை முடிச்சைப் பழகி, பந்து வைக்கவோ வெங்காயம் தொங்கவிடவோ ஒரு பை பின்னினால், பிள்ளைக்குக் கைவினையோடு குடும்பத் தொழிலின் இலக்கணமும் வந்துவிடுகிறது. கண்ணின் அளவு சீராக இருக்க வேண்டும், முடிச்சு நழுவக் கூடாது. இதைச் சொல்லித்தர எந்தக் காணொளியைவிடவும் இந்த ஊர்க் கிழவர்கள் தகுதியானவர்கள். கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதத்தில் அவர்களை ஆசிரியராக உட்கார வைப்பது அவர்களுக்கும் மரியாதை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இதனால் குப்பை குறையுமா என்பது. குறையாது. ஒரு வீட்டின் ஓராண்டுக் குப்பையில் பிள்ளைகளின் கைவினை கரைக்கும் பங்கு கைப்பிடிகூட இருக்காது. குப்பை குறைய உற்பத்தியாளர் மாற வேண்டும், ஊராட்சி பிரித்து வாங்க வேண்டும், நாம் குறைவாக வாங்க வேண்டும். அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் வைப்பது தவறு. கைவினையின் பயன் பொருளறிவு. அதை வேறு பெயரில் விற்க வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: செய்ததை மறுபடி பிரிக்க முடிய வேண்டும். காகிதத்தையும் நெகிழியையும் பசையால் ஒட்டி மேலே வண்ணம் பூசிவிட்டால், பழைய பேப்பர் கடைக்காரரும் அதை வாங்கமாட்டார், மண்ணும் ஏற்காது. மடித்தல், செருகல், கட்டுதல், தைத்தல் ஆகிய நான்கால் மட்டும் செய்யப் பழக்கினால், விளையாடி முடிந்தபின் காகிதம் காகிதமாகவும் நெகிழி நெகிழியாகவும் அதனதன் வழியில் போகும்.

இரண்டாவது எதிர்வாதம் ஆழமானது. கழிவைத் தொடும் வேலையைச் சில சாதியாரின் மேல் சுமத்தி, அதற்காகவே அவர்களை ஒதுக்கிய நாடு இது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டியில் வந்த பொம்மை, ஏழைப் பிள்ளைக்குக் குப்பையா என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்விக்குள் தலைமுறைகளின் வலி இருக்கிறது. அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. என் பதில் இது. எந்தப் பிள்ளையையும் தெருவிலோ குப்பைமேட்டிலோ பொருள் பொறுக்க அனுப்பக் கூடாது. அவரவர் வீட்டில் கழுவித் துடைத்த பொருள், கண்ணெதிரே காற்றில் உதிர்ந்த இலையும் காயும், பெரியவர் எடுத்துக் கொடுத்த வலைத் துண்டு ஆகியவையே மூலப்பொருள். அடுத்தது, இதை அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மட்டும் பரிந்துரைத்துவிட்டுத் தனியார் பள்ளிக்கு ரோபோப் பெட்டி வாங்குவதானால் அந்தத் தாயின் கோபம் நூற்றுக்கு நூறு சரி. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் ஒரே பால் பாக்கெட்டைக் கழுவ வேண்டும். தான் தின்ற பொருளின் உறையைத் தானே கழுவும் பழக்கம், அதை வேறொருவர் அள்ள வேண்டும் என்ற பழைய எண்ணத்துக்கு எதிரான முதல் பயிற்சி. மேல்தட்டு வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். உடைந்த கண்ணாடி, சாலையோரம் கிடக்கும் மதுப்புட்டி, ஊசி, மருந்து அட்டை, பழைய பேட்டரி, பூச்சிமருந்து டப்பா இவை எந்நாளும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. தகரத்தின் விளிம்பைப் பெரியவர் மடித்துக் கொடுக்க வேண்டும். படிப்பு கெடும் என்ற கவலைக்கும் இடமில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் பத்து நாள் பையில்லாமல் வந்து உள்ளூர்க் கைத்தொழிலாளரிடம் பழக வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளில் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்த ஒரு யோசனையை, அந்தப் பத்து நாளைச் சுற்றுலாவாக்கிவிடாமல், வலை முடிச்சுக்கும் ஓலை முடைவதற்கும் ஒதுக்கினால் ஊருக்கு நல்லது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கண்காட்சியில் பளபளப்புக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். பெற்றோர் இரவு விழித்துச் செய்துகொடுத்த தெர்மாகோல் கோபுரம் முதல் பரிசு வாங்கும்வரை, தானே செய்த கோணல் வண்டியைக் கொண்டுவந்த பிள்ளை பின்வரிசையில்தான் நிற்கும். இதை எப்படிச் செய்தாய், எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள். பெற்றோரே, வரும் சித்திரையில் கடைக்குப் போகுமுன் பழைய நோட்டுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.